ஓம் என்று ஆடிய தலை

உள்ளங்கை எரிந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

ஒரு ஞாயிறு பின்னேரம், இத்தாலியின் தெற்கே, பலெர்மோ கடற்கரைப் புல்வெளியில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் யாழ்ப்பாணம், மறுபக்கம் மன்னார். நான் இங்கேயே வளர்ந்தவன், எந்தப் பக்கத்துக்கும் உரியவன் அல்ல என்று சொல்லி, ஆள் குறைந்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். விக்கெட்டுக்குப் பின்னால் நின்றேன். தூரத்தில், எல்லைக்கோட்டில் நின்ற ஒரு அண்ணை ஓடிவந்து பந்தைப் பொறுக்கி எறிந்தார். மற்றவர்கள் எறிகிற பந்து மேலே ஏறும், அங்கே நின்று கொஞ்சம் யோசிக்கும், பிறகு இறங்கும். இவருடையது ஏறவேயில்லை. புல்லுக்கு மேலால் நேர்கோடாக வந்து என் கையில் அறைந்தது. ஆள் அவுட் என்று எல்லாரும் துள்ள, நான் சிவந்துபோன கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது பேஸ்போல் எறிய வேண்டிய கை என்று தோன்றியது. தோன்றிய உடனேயே அது என்னுடைய கண்டுபிடிப்பு என்றும் தோன்றிவிட்டது. அந்த இரண்டாவது எண்ணத்தில்தான் பின்னால் வந்த அவமானத்தின் விதை இருந்திருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். படிப்பில் பாதி மனம். மிச்சம் முழுக்க பேஸ்போல். பந்தை எறிபவரைப் பார்த்தபடி, மட்டை பிடித்தவருக்குப் பின்னால், முகமூடியும் நெஞ்சுக் கவசமும் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாரே ஒருவர், கெச்சர், அவர்தான் நான். பார்க்கிறவர்களுக்கு அது குந்தியிருந்து பந்து பொறுக்கும் வேலை. உண்மையில் ஆட்டமே அவருடைய தொடைகளுக்கு நடுவில்தான் தொடங்குகிறது. அங்கே விரல்களால் சைகை காட்டுவார். ஒரு விரல் என்றால் நேரான வேகப்பந்து, இரண்டு என்றால் வளைந்து விழும் பந்து. எறிபவர் தலையசைத்தால் சரி. மறுத்தால் வேறு சைகை. ஒருவர் சொல்கிறார், மற்றவர் ஒப்புக்கொள்கிறார், பிறகுதான் பந்து. பத்து வயதில் இதை முதன்முதலாகப் பார்த்த நாளிலிருந்து, வடக்கு இத்தாலியில் சம்பளத்துக்கு விளையாடும் ஒரு கழகத்தில் கெச்சராக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

இத்தாலியில் கெச்சருக்கு ‘ரிச்சேவிதோரே’ என்று பெயர். அம்மா அதைக் கோயில் வாசலில் ஒரு அன்ரிக்குச் சொல்லியிருக்கிறார். ‘ரிச்சேவிதோரியா’ என்பது லொத்தர் சீட்டு விற்கிற கடை. “அப்ப மோன் லொத்தர் கடையிலோ நிக்கப்போறான்? நல்லதுதானே, நிழலுக்கை இருக்கலாம்” என்றாராம் அன்ரி. அம்மாவும் மறுக்கவில்லை. குந்தியிருக்கிற வேலையைவிட அது அவருக்கு மேலாகத்தான் பட்டிருக்கும்.

அந்த அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். வயதான ஒரு சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும் மட்டும் ஓய்வு; சந்தைப் பக்கம், அல்பெர்கேரியாவில் நாலு பேரோடு எடுத்திருந்த அறைக்கு அப்போதுதான் வருவார். அன்று ஆட்டம் முடிந்ததும் அந்த அறை வாசல்வரை கூடவே நடந்தேன். வழி முழுக்க நான்தான் கதைத்தேன். சந்தைக்காரர்களின் சத்தத்துக்கு மேலால் பேஸ்போலை முழுதாக விளக்கி முடித்தேன். கதவடியில் நின்று அவர் சொன்னார்: “தம்பி, நான் இஞ்சை வந்தது ஒரு கிழவியைப் பாக்க. பந்தெறிய இல்லை.”

திறப்பைப் போட்டுத் திருப்பிவிட்டு, உள்ளே போகாமல் நின்றார். “வியாழன் எத்தினை மணிக்கு?” என்றார்.

மூன்று மணிக்கு. எல்லா வியாழனும். நகரின் ஓரத்திலுள்ள மைதானத்தில், குளிர்காலம் முழுவதும். நான் குந்தியிருக்க அவர் எறிவார். எங்கள் இருவருக்கும் விரல் சைகை எதற்கு? “நேர்” என்று கத்துவேன், நேராக வரும். “வளை” என்று கத்துவேன், மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழுவதுபோல என் காலடியில் விழும். ஒவ்வொரு முறையும் எறியுமுன் தலையை ஒருமுறை தோள் பக்கம் சாய்த்து எடுப்பார், நாங்கள் எல்லாரும் ஓம் என்பதற்குச் சாய்ப்போமே, அப்படி. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டால் நானும் அப்படித்தான் சாய்ப்பேன். அதில் கவனிக்க என்ன இருக்கிறது? மூச்சு விடுவதை யார் கவனிப்பார்கள்?

எங்கள் பயிற்சியாளரை எல்லாரும் ‘மிஸ்தர்’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வியாழன், மறந்துவிட்டுப் போன ஏதோ திறப்பை எடுக்க மைதானத்துக்கு வந்தவர், வேலிக்கு வெளியே நின்று பத்துப் பந்து பார்த்தார்.  காருக்குப் போய் கழகத்தில் பதிகிற படிவத்தை எடுத்துவந்தார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியின் நகல், வரி இலக்க அட்டையின் நகல், ஒரு புகைப்படம் வேண்டும் என்றார். வருகிற ஞாயிறு ஒரு பயிற்சி ஆட்டம் இருக்கிறது, அதில் ஒழுங்காக எறிந்தால் அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன், வசந்தத்திலிருந்து எங்கள் அணியில் ஒருவர் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை என்னை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

ஞாயிறன்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து மிஸ்தரிடம் கொடுத்தார். புகைப்படத்தைப் புதிதாக எடுத்திருந்தார். கொலர் வைத்த வெள்ளைச் சட்டை, அறையில் யாரிடமோ இரவல் வாங்கியது. சிஞ்ஞோராவின் மகளிடம் முதன்முதலாக ஒரு காரணம் சொல்லி, அந்த ஞாயிறு மாலையில் ஒரு மணித்தியாலம் பிந்தி வர அனுமதி கேட்டிருந்தாராம். என்ன காரணம் சொன்னீர்கள் என்றேன். “வேலைக்கு நேர்முகம் எண்டனான். பொய்யே?” என்று சிரித்தார்.

அதே ஆட்டத்தைப் பார்க்க, வடக்கிலுள்ள ஒரு கழகத்துக்கு ஆள் தேர்கிறவர் ஒருவர் வந்திருந்தார். அவர் வந்தது என்னைப் பார்க்க. அது எனக்கு ஒரு வாரம் முன்னமே தெரியும். அண்ணைக்கு நான் சொல்லவில்லை.

ஆட்டத்தில் தமிழில் கத்த முடியாது. மிஸ்தர் சைகைதான் வேண்டும் என்றுவிட்டார். ஆகவே அந்த வாரம் விரல் பாடம் நடத்தியிருந்தேன். ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்து, எறிபவருக்குப் பின்னால் இருக்கிற இரண்டாம் தளத்தில் நின்றால் அவனுக்கு என் விரல்கள் தெரியும். அப்போது, நீங்கள் ஓம் என்று தலையாட்டிய பிறகும் நான் இன்னும் ஒன்றிரண்டு சைகை காட்டுவேன், அதெல்லாம் அவனை ஏய்க்க, நீங்கள் கணக்கெடுக்க வேண்டாம் என்றேன். அண்ணை தலையைச் சாய்த்தார்.

ஆறாவது சுற்றில் மிஸ்தர் அவரை அனுப்பினார். தளங்கள் காலி, ஆகவே அவர் தலையைப் பாராமல், விரலைக் காட்டியதும் கையுறையை விரித்தேன்; முதல் ஆள் மூன்று பந்தில் போனான். போகும்போது என்னைப் பார்த்து, இவனை எங்கேயடா பிடித்தீர்கள் என்று சிசிலியனில் கேட்டான். எனக்குக் காது குளிர்ந்தது. அடுத்தவன் எப்படியோ பந்தை மட்டையில் படவைத்து இரண்டாம் தளத்துக்கு ஓடிவிட்டான். பரவாயில்லை. நான் குந்தினேன். ஒரு விரல் காட்டினேன்.

அண்ணை தலையாட்டினார். நான் அதை ‘இல்லை’ என்று வாசித்தேன்.

ஏன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். நான் ஒன்பது வருடம் பந்து பிடித்தது இத்தாலிக்காரர்களுக்கு. அவர்களுடைய ‘ஆம்’ மேலும் கீழும் போகும். பக்கவாட்டில் போகிற தலை எதுவும் மறுப்புத்தான். வியாழக்கிழமைகளில் முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, தமிழில் கத்திக்கொண்டு இருந்தவனுக்கு அந்தத் தலை விளங்கியது. முகமூடியை இறக்கியதும் உள்ளே இருந்தவன் வேறு ஆள். அவன் இத்தாலியனில் எண்ணினான், இத்தாலியனில் பயந்தான்.

மறுக்கிறார், வளைபந்து எறிய விரும்புகிறார் என்று நினைத்து இரண்டு விரல் காட்டினேன். அவரோ முதலாவதுக்கே ஓம் சொல்லியாயிற்று. இரண்டாவது வெறும் ஏய்ப்பு என்று நான்தானே படிப்பித்திருந்தேன். கையுறையைக் கீழே வைத்துக் காத்திருந்தேன். பந்து என் காதோரம் சீறிப் போய் நடுவரின் தோளில் அடித்தது. அவர் மடிந்து இருந்துவிட்டார். நான் பந்தைத் தேடி எடுப்பதற்குள் தளத்தில் நின்றவன் சுற்றி ஓடி, மட்டையடிக்கிற இடத்துக்கே வந்து ஒரு ஓட்டம் எடுத்துவிட்டான்.

அடுத்தவனும் அடித்து இரண்டாம் தளம் போனான். திரும்பவும் அதே ஒரு விரல், அதே தலை, அதே பிழை. இந்த முறை பந்து என் தோள்பட்டை எலும்பில் பட்டது. முகமூடியைக் கழற்றிக்கொண்டு எறிமேட்டுக்கு நடந்தேன்.

“என்ன அண்ணை செய்யிறியள்? நான் ரெண்டல்லோ காட்டினனான்.”

“நீ முதல்லை ஒண்டு காட்டினாய். நான் ஓம் எண்டு தலையாட்டினனான்.” ஆட்டியும் காட்டினார். “ஏனடா, உனக்கு இது விளங்கேல்லையோ?”

விளங்கியது. அந்தக் கணத்திலேயே, முழுதாக. முகத்தில் முகமூடி இல்லை, அவர் ஒரு முழத் தூரத்தில் நின்று சாய்த்த தலை ஓம் என்றது, பச்சைக் குழந்தைக்கும் விளங்கும் ஓம். பிழை அவருடையதல்ல. யாழ்ப்பாணத்து அப்பாவுக்கும் மன்னார் அம்மாவுக்கும் பிறந்த எனக்கு, எங்கள் ஆட்களின் தலையாட்டல் தெரியாமல் போயிருக்கிறது.

அதற்குள் மிஸ்தர் வந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று கேட்டார். வடக்கிலிருந்து வந்தவர் வேலியோரம் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை மெல்லச் சொன்னார்: “அவருக்குச் சொல்லு தம்பி, நான் ஓம் எண்டுதான் சொன்னனான், நீங்கள் ரெண்டு பேரும் அதைப் பிழையா விளங்கிறியள் எண்டு.”

எட்டு வயதிலிருந்து நான் மொழிபெயர்ப்பாளன். விசா புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், அப்பாவுக்கு, ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் எரிந்து விழுந்தால், ‘கொஞ்சம் பொறுக்கட்டாம்’ என்று மாற்றிச் சொல்லிப் பழகியிருக்கிறேன். மொழிபெயர்க்கும்போது பொய் சொல்ல எனக்குத் தெரியும். அதுவரை சொன்ன பொய்கள் எல்லாம் எங்கள் ஆட்களைக் காப்பாற்ற. அன்று முதன்முறையாக என்னைக் காப்பாற்றச் சொன்னேன்.

“ஆ ஸ்பல்யாத்தோ லூயி” என்றேன். பிழைவிட்டது அவர். சைகைகள் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை, நான் பேசிப் பார்க்கிறேன் என்று பொறுப்பானவன் மாதிரி ஒரு வாலையும் சேர்த்தேன்.

அண்ணைக்கு இத்தாலியன் அதிகம் வராது. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற எவரும் முதல் வாரத்திலேயே படிக்கிற சொல் ஒன்று உண்டென்றால் அது ஸ்பல்யாத்தோ. உப்புக் கூடினால் ஸ்பல்யாத்தோ. மருந்தை அரை மணி பிந்திக் கொடுத்தால் ஸ்பல்யாத்தோ. சட்டைக் கையை மடிப்பு வராமல் அயர்ன் பண்ணினால் ஸ்பல்யாத்தோ. அந்தச் சொல்லை நான் உச்சரித்ததும் அவர் கண் மிஸ்தரிடமிருந்து என்னிடம் திரும்பியது. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். யாரென்று சரிபார்க்கிற பார்வை மாதிரித்தான் இருந்தது.

மிஸ்தர் கையை நீட்டினார். அண்ணை பந்தை அந்தக் கையில் வைத்தார். என்னைக் கடந்து போகும்போது தலையை ஒருமுறை சாய்த்தார். அந்த ஒரு தலையாட்டலை மட்டும் எனக்கு இன்றுவரை வாசிக்கத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வடக்கத்தையவர் என் தோளைத் தட்டினார். பந்து பிடிப்பது சுமார்தான், ஆனால் நெருக்கடியில் எறிமேட்டுக்குப் போய் நிலைமையைக் கையில் எடுத்த விதம் பிடித்தது என்றார். அதுதான் என்னைத் தேர்ந்ததற்கு அவர் சொன்ன காரணம். மிஸ்தர் தன் பையிலிருந்து அந்தப் பிளாஸ்ரிக் உறையை எடுத்து என்னிடம் தந்தார். பாவம், நல்ல கை, ஆளிடம் கொடுத்துவிடு என்றார். நான் என் பைக்குள் வைத்தேன்.

கொடுக்கவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்த பிறகு, நான் வடக்கே விளையாடப் போகிற செய்தியைச் சுவாமி அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வாங்கில் இருந்த அண்ணையும் தட்டினார். வெளியே வந்து, “எப்ப வெளிக்கிடுறாய்?” என்று கேட்டார். சொன்னேன். “அங்கை குளிரும். காலுக்கு ஏதும் வாங்கு” என்றார். உறையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது என் தோளில் தொங்கிய பையில்தான் இருந்தது.

நான் ஆசைப்பட்ட தொழில் வாழ்க்கை இதுதான்: ஒரு முழுப் பருவத்தில் ஒரு ஆட்டத்திலும் நான் இறங்கவில்லை. ஓரத்து வேலிக்குள் குந்தியிருந்து, களமிறங்கப் போகிற எறிபவர்களின் பந்தைப் பிடித்து அவர்களுக்குக் கை சூடேற்றிக் கொடுத்தேன். சம்பளம் வந்தது, ஆகவே தொழில்முறைக் கெச்சர் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் படி இறங்கும்போது முழங்கால் கிழவனுடையதுபோலச் சத்தம் போடும். அதையெல்லாம் நான் முறையிடவில்லை. பந்து கையுறையில் விழுகிற சத்தம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

எங்கள் முதல் கெச்சர் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஒருநாள் ஆட்டத்தில் அவன் வளைபந்து கேட்டான், எறிபவன் தலையை ஆட்டிவிட்டு வேகப்பந்தை எறிந்தான். பந்து தவறி வேலிவரை போயிற்று. நான் வேலிக்குள் இருந்து விரல்களைப் பார்த்தேன், பிழை முழுக்க எறிந்தவனுடையது. ஆனால் கெச்சர் எழுந்து, மைதானம் முழுக்கப் பார்க்கும்படி, கையுறையால் தன் நெஞ்சில் இரண்டு தரம் தட்டினான். என்னுடைய பிழை என்று அதற்கு அர்த்தம். சாப்பாட்டு மேசையில் அவனிடம், ஏன் அப்படிச் செய்தாய், பிழை உன்னுடையது இல்லையே என்று கேட்டேன். கேள்வியே விளங்காதவன்போலப் பார்த்தான். அடுத்த பந்தை அவன்தானே எறிய வேண்டும் என்றான்.

அன்று நான் சாப்பிடவில்லை.

பருவம் முடிகிற வாரம், என்னைத் தேர்ந்தெடுத்தவர் வேலிப் பக்கம் வந்தார். பலெர்மோவில் சைகை விளங்காத ஒருவர் எறிந்தாரே, அந்தக் கையை நான் மறக்கவில்லை, இன்னும் எறிகிறாரா என்று விசாரித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைத்திருக்காது. இல்லை, விட்டுவிட்டார் என்றேன்.

இப்போது குளிர்கால ஓய்வு. பலெர்மோவுக்குத் திரும்பி, போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டில் இருக்கிறேன். அடுத்த பருவத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்த முதல் ஞாயிறு கடற்கரைக்குப் போனேன். கிட்டே போகவில்லை, மரத்தடியில் நின்றேன். அண்ணை எல்லைக்கோட்டில் அதே இடத்தில் நின்றார். பந்து அவரிடம் போயிற்று. எடுத்தார், எறிந்தார். பந்து மேலே ஏறியது, அங்கே நின்று கொஞ்சம் யோசித்தது, பிறகு இறங்கியது. கிட்ட நின்ற ஒருவனிடம், தோளில் ஏதும் காயமோ என்று கேட்டேன். அவன் ஒன்றுமில்லை, ஆள் ஒரு வருடமாக இப்படித்தான் எறிகிறார் என்றான்.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தேன். அதிலுள்ள பெர்மெஸ்ஸோ நகலின் திகதி முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டைப் படம் அப்படியே இருக்கிறது.

மிஸ்தரோடு கதைத்துவிட்டேன். வியாழன் மூன்று மணிக்கு மைதானத்துக்கு வருகிறேன் என்றார். ஏன் என்று நான் சொல்லவில்லை. அண்ணைக்கும் செய்தி அனுப்பினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: “பாப்பம்.”

வந்தால், முதலில் மிஸ்தரைப் பார்த்து இத்தாலியனில் சொல்லப் போகிறேன், ஓ ஸ்பல்யாத்தோ இயோ, பிழைவிட்டவன் நான் என்று. தமிழில் சொன்னால் மிஸ்தருக்கு விளங்காது; இத்தாலியனில் இந்தச் சொல்லைச் சொன்னால் அண்ணைக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படாது. பிறகு உறையைக் கொடுப்பேன். வடக்கத்தையவருக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அண்ணையைக் கேட்காமல் அவருடைய கையைப் பற்றி இனி ஒருவருக்கும் நான் வாக்குக் கொடுக்கக் கூடாது. அவர் எறியச் சம்மதித்தால் தலையாட்டலை மாற்றச் சொல்ல மாட்டேன். நான்தான் முகமூடியை வீட்டில் வைத்துவிட்டு, கையுறையோடு மட்டும் போய்க் குந்தப் போகிறேன். ஒரு விரல் காட்டி, அவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும்.